மெஷின் மேடம்

வேணாங்க, மேல வைக்க வேணாம், மடியிலேயே இருக்கட்டும். கனம் ஒண்ணும் இல்ல. குலுங்கினா உள்ள இருக்கற லென்ஸ் நகந்துடும், அதுக்காகத்தான் பிடிச்சுக்கிட்டிருக்கேன். நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. கொருக்குப்பேட்டை தாண்டினாலே இப்படித்தான். சரக்கு வண்டி போகணும்னு நம்மள ஓரங்கட்டி நிறுத்திடுவான். நீங்க எங்க இறங்கணும்? எண்ணூரா? நான் விம்கோ நகர். ரெண்டு பேருக்கும் இப்போதைக்கு விடிவு இல்ல.

இதுவா? இது ஃப்ளோரோமீட்டர். பச்சையம் அளக்கற மெஷின். இலையில பச்சையா இருக்குமே, அதேதான். ஏரித் தண்ணியிலயும் கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கும், அதுக்குள்ள பச்சையம் இருக்கும். தண்ணியில பச்சையம் எவ்வளவுன்னு தெரிஞ்சா பாசி எவ்வளவுன்னு தெரியும். பாசி அளவா இருந்தா மீனுக்கு, இறாலுக்குத் தீனி. மிஞ்சிப் போச்சுன்னா தண்ணியில மூச்சு முட்டி அதுங்க செத்து மிதக்கும். பழவேற்காட்டு ஏரியில அதை மாசாமாசம் அளக்கறதுக்கு எங்க காலேஜுக்கு ஒரு திட்டம் வந்துச்சு. நான் பொன்னேரிப் பக்கம் ஒரு காலேஜ்ல தாவரவியல் நடத்தறேன். பேரு திலகவதி.

இந்த மெஷினை வாங்கறதுக்கு நாங்க பட்ட பாடு இருக்கே. ஒரு வருஷத்துல பாதி இதுலயே போச்சு. நீங்க கேக்கலைன்னாலும் யார்கிட்டயாவது சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன். இந்தக் கதையை இதுவரைக்கும் யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல.

திட்டம் எனக்கு மட்டும் வரல. பிசிக்ஸ்ல குணசீலன் சார்னு ஒருத்தர், அவருக்கும் எனக்கும் சேர்த்து வந்துச்சு. பாசி என்னோட பாடம், வெளிச்சம் அவரோட பாடம். இந்த மெஷின்ல ரெண்டுமே இருக்கு. நீல வெளிச்சத்தைத் தண்ணிக்குள்ள அடிச்சா, பச்சையம் அதை வாங்கிக்கிட்டு சிவப்பா ஒரு ஒளியைத் திருப்பிக் கொடுக்கும். அந்தச் சிவப்பு எவ்வளவுன்னு அளந்தா போதும். அவ்வளவுதான் விஷயம். முன்னெல்லாம் தண்ணியை வடிகட்டி, அந்தத் தாளை அசிட்டோன்ல ஊறப்போட்டு, மறுநாள்தான் அளக்க முடியும். லேப் முழுக்க நெடி அடிக்கும். கொஞ்சமா இருக்கற பாசி அதுல தெரியவே தெரியாது.

திட்டம் வர்றதுக்கு முன்னாடி எங்களுக்குள்ள பழக்கம்னு ஒண்ணும் கிடையாது. ஸ்டாஃப் மீட்டிங்ல பாத்தா வணக்கம் சொல்லுவாரு. ஒல்லியா இருப்பாரு. சட்டைப் பையில எப்பவும் ஒரு டெஸ்டர் வெச்சிருப்பாரு, ஸ்க்ரூ திருப்பற டெஸ்டர். அதை வெச்சு என்ன பண்ணுவாருன்னு எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்ல.

நிதி கம்மிங்க. அதுதான் எல்லாத்துக்கும் ஆரம்பம். வெளிநாட்டுல மேசை மேல வைக்கிற பெரிய மெஷின் இருக்கு, அதெல்லாம் நாங்க படத்துல பாத்துக்கலாம். எங்களுக்குக் கட்டுப்படியாகற மாதிரி ரெண்டுதான் இருந்துச்சு. ஒண்ணு, கையடக்கமா ஒரு மெஷின், வெளிநாட்டுச் சரக்கு, கிண்டியில ஒரு டீலர் வெச்சிருந்தாரு. சின்னக் குப்பியில தண்ணியை ஊத்தி உள்ள வெச்சா நம்பர் காட்டும். அதுகூட ஸ்டாண்டர்ட்னு ஒரு கட்டி கொடுப்பாங்க. தினமும் அந்தக் கட்டியை வெச்சுப் பாத்தா ஒரே நம்பர் வரணும். வரலைன்னா மெஷின் சரியில்லன்னு அர்த்தம். நான் அதைத்தான் வாங்கணும்னேன். இன்னொண்ணு இது, என் மடியில இருக்கறது. பெங்களூர்ல யாரோ நாலு பசங்க சேர்ந்து செய்யறது. தண்ணிக்குள்ள அப்படியே முக்கிட வேண்டியதுதான். விலை பாதிக்கும் கீழ. சார் இதைத்தான் வாங்கணும்னாரு. ஒண்ணு வாங்கற காசுல ரெண்டு வாங்கலாம், ஒண்ணு லேப்புக்கு, ஒண்ணு படகுக்குன்னாரு.

நான் விடல. ஏரித் தண்ணி கலங்கல், சேறு எல்லாம் சேர்ந்து இது தப்பா காட்டும்னேன். வெயில் ஏற ஏற ரீடிங் இறங்கும்னேன். சரியா காட்டுதான்னு சோதிக்க ஒரு கட்டிகூட இல்லையே சார்னு கேட்டேன். அதுக்கு அவர் சொன்னது எனக்கு இன்னமும் ஞாபகம் இருக்கு. "நீங்க ஒரு இடத்துல சரியான நம்பர் வேணுங்கறீங்க மேடம். ஏரி ஒரு இடத்துலயா இருக்கு?" அப்படின்னாரு. அதுவும் நியாயந்தான். அதனாலதான் அவ்வளவு நாள் இழுத்துச்சு.

அவரு கொருக்குப்பேட்டையில ஏறுவாரு. இப்ப நாம தாண்டினோமே, அந்த ஸ்டேஷன்தான். நான் விம்கோ நகர்ல ஏறுவேன். எத்தனையோ வருஷமா லேடீஸ் கம்பார்ட்மென்ட்லதான் போய்க்கிட்டிருந்தேன், என்கூட வர்றவங்க ஒரு கூட்டமே இருக்கும். அந்த ஜூன்லேருந்து பொதுப் பெட்டியில ஏற வேண்டியதாப் போச்சு. ரெண்டு கம்பெனியோட மெஷின் விவரப் பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும் இல்லையா, அதுக்கு காலேஜ்ல எங்க நேரம். டிரெயின்லதான் பாக்க முடிஞ்சுச்சு. அவரு எனக்கு ஜன்னலோரம் ஒரு இடம் பிடிச்சு, பையை வெச்சிருப்பாரு. பொன்னேரி வர்ற வரைக்கும் பேசுவோம். இந்த மெஷினைத் தவிர வேற ஒண்ணும் பேசினதில்லைங்க. நான் உறுதியா சொல்லுவேன். அவரு வீட்டைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, என் வீட்டைப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு ஒரு பொண்ணு கோயமுத்தூர்ல படிக்கிறான்னு மட்டும் ஒருநாள் சொன்னேன், பேச்சுவாக்குல. வீட்டுக்காரர் மின்வாரியத்துல இருக்காருன்னு சொன்னேனான்னு ஞாபகம் இல்ல.

அந்தப் பேப்பர்ல எழுத்தெல்லாம் பொடிசு. எனக்குப் பழைய கண்ணாடி சரிப்படல. புதுசா ஒரு ஃப்ரேம் மாத்தினேன். கலர் கொஞ்சம் மெரூன். கடைக்காரப் பொண்ணு உங்களுக்கு இது எடுப்பா இருக்குன்னா. எடுப்புக்கா வாங்கினேன், எழுத்து தெரியறதுக்குத்தான்.

அப்புறம் சாப்பாடு. மத்தியானம் லேப்ல உக்காந்துதான் ரெண்டு பேரும் சாப்பிடுவோம், சாப்பிட்டுக்கிட்டே கணக்குப் பாக்கலாம்னு. அவருக்கு வயித்துக் கோளாறு, காரம் ஆகாது. கொண்டு வந்த தயிர் சாதத்தையே பாதி மூடி வெச்சுடுவாரு. எனக்கு அது பாக்கப் பிடிக்கல. கூட்டு, பொரியல்னு மிளகாய் குறைச்சு கொஞ்சம் கூடுதலா செஞ்சு எடுத்துக்கிட்டுப் போவேன். எங்க வீட்டுக்காரர், என்ன திலகா இப்பெல்லாம் எதுலயும் உப்பு காரமே இல்லையேன்னு கேப்பாரு. உடம்புக்கு நல்லதுன்னேன். அவரும் பாவம், அந்த சீசன் முழுக்க காரமில்லாமலே சாப்பிட்டாரு.

ஒருநாள் அவரு கேட்டாரு, மேடம் அந்தச் சிவப்பை நீங்க கண்ணால பாத்திருக்கீங்களான்னு. நான் எத்தனையோ வருஷமா பாடம் நடத்தறேன், படம் போட்டிருக்கேன், பரீட்சைக்குக் கேள்வி கொடுத்திருக்கேன். பாத்ததில்ல. சொல்ல வெக்கமா இருந்துச்சு, ஆனா சொல்லிட்டேன். அவரு சிரிக்கல. பொன்னாங்கண்ணிக் கீரை ஒரு கட்டு வாங்கி அரைச்சு, அசிட்டோன்ல கரைச்சு வடிகட்டிக் கொடுங்கன்னாரு. கொடுத்தேன். பிசிக்ஸ் லேப்ல ஒரு இருட்டறை இருக்கு, கறுப்புத் துணி போட்டு மறைச்சது. அங்க வெச்சு ஒரு நீல டார்ச்சை அடிச்சாரு. பச்சைத் தண்ணிங்க அது, பச்சைப் பசேல்னு இருந்துச்சு. வெளிச்சம் பட்ட இடம் ரத்தச் சிவப்பா ஆயிடுச்சு. டார்ச்சை அணைச்சா பச்சை. அடிச்சா சிவப்பு. எத்தனை தடவை அடிக்கச் சொன்னேன்னு தெரியல, அவரும் சலிக்காம அடிச்சுக் காட்டினாரு. வெளிய வந்தப்ப வராண்டா வெயில் கண்ணைக் கூசுச்சு. பெல் அடிச்சிருக்கு, எனக்குக் கேக்கவே இல்ல. அன்னிக்கு ரெண்டாம் வருஷப் பசங்களுக்கு கிளாஸ் தவறிப் போச்சு. நான் கிளாஸைத் தவற விட்டதே கிடையாதுங்க.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், சண்டை. சண்டைன்னா கத்தற சண்டை இல்ல. அவரு ஒண்ணு சொல்லுவாரு, நான் ஒண்ணு சொல்லுவேன். மறுநாள் அதுக்குப் பதில் யோசிச்சுக்கிட்டு வருவாரு. நானும் ராத்திரி படுத்துக்கிட்டே யோசிப்பேன், நாளைக்கு இதைக் கேட்டா என்ன சொல்லுவாருன்னு. ஐப்பசியில ஒரு சனிக்கிழமை கிண்டி டீலர்கிட்ட என் மெஷினைப் பாக்கப் போனோம். பாத்துட்டு வெளிய வந்தா மழை. கடை ஓரமா ஒதுங்கி நின்னோம். அவரு யோசிச்சுக்கிட்டே இருந்தவரு, சுத்தமான தண்ணியை ஊத்தினாலும் அது ஒரு நம்பர் காட்டுச்சே, ஒண்ணுமே இல்லாததுக்கும் ஏதோ ஒண்ணு காட்டுது பாருங்கன்னாரு. நான் அது அப்படித்தான் சார், வெறுந்தண்ணிக்கு வர்றதைக் கழிச்சுட்டுத்தான் மிச்சத்தை எடுத்துக்கணும்னேன். சரிதான்னாரு. மழை விடறதா தெரியல. பக்கத்து ஹோட்டல்ல ஆளுக்கு ஒரு மினி டிஃபன் சாப்பிட்டோம். அவரே பில் கொடுத்தாரு. திட்டக் கணக்குல சேர்க்கலாம் சார்னேன், வேணாம்னுட்டாரு.

டிசம்பர்ல பிரின்சிபால் கூப்பிட்டு சத்தம் போட்டாரு. மார்ச்சுக்குள்ள செலவு பண்ணலைன்னா நிதி திரும்பிப் போயிடும், இன்னும் என்னதான் பேசறீங்க ரெண்டு பேரும்னாரு. மறுநாள் டிரெயின்ல வரும்போது, அத்திப்பட்டுல வண்டி நிக்குது, சார் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே சொன்னாரு. "சரி மேடம். உங்களோடதையே வாங்கிடுவோம்."

அவ்வளவுதான். முடிஞ்சு போச்சு. நான் ஜெயிச்சுட்டேன். சந்தோஷப்படணும் இல்ல? எனக்கு என்னவோ மாதிரி இருந்துச்சு. காலையில வெறும் வயித்துல காபி குடிச்சா எனக்கு அப்படி ஆகும். இவ்வளவு நாள் பேசிட்டு இப்படிப் பொசுக்குன்னு விட்டுக்கொடுத்துட்டாரேன்னு ஒரு கோபம். அவர் தரப்புல இன்னும் பேசறதுக்கு விஷயம் இருந்துச்சுங்க. எனக்கே தெரியும், அவர் கேக்காம விட்ட கேள்வி ஒண்ணு ரெண்டு இருந்துச்சு.

முடிவாயிடுச்சா, அப்புறம் பாக்கறதுக்குப் பேப்பர் இல்ல. நான் மறுபடியும் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டுக்கே போயிட்டேன். பேப்பர் இல்லாம பொதுப் பெட்டியில போய் உக்காந்து என்ன பண்றது? பழைய கூட்டம், எங்கடி காணாமப் போயிருந்தேன்னு கேட்டாங்க. காலேஜ் வேலைன்னேன். மத்தியானமும் எங்க டிபார்ட்மென்ட்லயே சாப்பிட்டுக்கிட்டேன். வீட்டுல பழையபடி காரம் போட்டு சமைச்சேன்.

பொங்கல் லீவு விடற அன்னிக்கு சாயங்காலம், பொன்னேரி ஸ்டேஷன். நான் லேடீஸ்ல ஏறி உக்காந்துட்டேன். சார் பிளாட்ஃபாரத்துல வேகமா நடந்து வந்தாரு, ஒவ்வொரு ஜன்னலா பாத்துக்கிட்டு. என் ஜன்னல்கிட்ட வந்து நின்னு, மேடம், எனக்கு ஒரு சந்தேகம் இருக்குன்னாரு. அந்த ஸ்டாண்டர்ட் கட்டி வெயில் படாம வெச்சிருந்தாலும் வருஷக் கணக்குல நிறம் மங்காதான்னு கேட்டாரு. மூச்சு வாங்கிச்சு அவருக்கு. பக்கத்துல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. வண்டி ஊத ஆரம்பிச்சுடுச்சு. பொங்கல் கழிச்சுப் பேசலாம் சார்னேன். சரிங்க மேடம்னு தலையாட்டினாரு. அவரு பெட்டியில ஏறினாரா, அந்த வண்டியை விட்டுட்டாரான்னு நான் பாக்கல.

மாட்டுப் பொங்கல் அன்னிக்கு காலையில வடை சுட்டுக்கிட்டிருந்தேன். என் போன் ஹால்ல இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் எடுத்துப் பாத்துட்டு, உங்க காலேஜ் குரூப்ல வந்திருக்கு, யாரோ குணசீலனாம், ஹார்ட் அட்டாக்காம், தூக்கத்துலயே போயிட்டாராம், யாரு அதுன்னு கேட்டாரு. பிசிக்ஸ்னு சொன்னேன். அது மட்டுந்தான் சொன்னேன். மிச்சம் இருந்த மாவு முழுக்கச் சுட்டு முடிச்சேன். ஒரு வடைகூட கருகல. எல்லாம் சரியாத்தான் வந்துச்சு.

மறுநாள் ஸ்டாஃப் எல்லாரும் ஒரு வேன் பிடிச்சுப் போனோம். கொருக்குப்பேட்டையில ரயில்வே லைன் பக்கமா ஒரு சந்து. ஐஸ் பெட்டியில வெச்சிருந்தாங்க. கண்ணாடி மேல ஆவி படிஞ்சு முகம் தெரியல. யாரோ ஒரு துண்டால துடைச்சு விட்டாங்க, தெரிஞ்சுது, திரும்பவும் மூடிக்கிச்சு. எனக்கு அழுகை வரல. காலேஜ் பொம்பளைங்க எல்லாரும் மூக்கை உறிஞ்சிக்கிட்டிருந்தாங்க. அவங்களுக்கெல்லாம் அவரை வணக்கம் சொல்ற அளவுக்குத்தான் தெரியும். நான் சுவரோரமா நின்னேன்.

அவரு மனைவி பேரு வசுமதி. கார்ப்பரேஷன் ஸ்கூல்ல டீச்சர். தலைமாட்டுல உக்காந்திருந்தாங்க. காலேஜ்லேருந்து வந்திருக்காங்கன்னு யாரோ அவங்க காதுல சொன்னாங்க. நிமிந்து ஒவ்வொருத்தரா பாத்துக்கிட்டே வந்தாங்க, என்கிட்ட வந்ததும் பார்வை நின்னுது. "நீங்கதான் மெஷின் மேடமா?" அப்படின்னாங்க.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. ஆமான்னேன். அவங்க கொஞ்சம் நகந்து, பக்கத்துல இடம் விட்டாங்க. நான் போய் உக்காந்தேன். ஒரு தடவை மட்டும் சொன்னாங்க, வீட்டுல தினமும் உங்க பேச்சுதான், இன்னிக்கு மேடம் இப்படிக் கேட்டாங்க, நாளைக்கு நான் இப்படிச் சொல்லப் போறேன்னு. ரெண்டு மெஷினுக்கும் நடுவுல வித்தியாசம் நிறைய இருந்துச்சுங்க, அதான் பேச வேண்டியிருந்துச்சுன்னேன். தலையாட்டினாங்க. வேன்காரன் வெளிய ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். ஸ்டாஃப் எல்லாரும் போயிட்டாங்க. ஆம்பளைங்க அவரைத் தூக்கிக்கிட்டுப் போற வரைக்கும் நான் அங்கேயேதான் இருந்தேன். அப்புறம் டிரெயின் பிடிச்சு வீட்டுக்கு வந்து தலைக்குக் குளிச்சேன். எங்க வீட்டுக்காரர் சாப்பிடச் சொன்னாரு. சாப்பிட்டேன்.

காலேஜ் திறந்ததும் மௌன அஞ்சலி. அது முடிஞ்ச கையோட பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, மேடம் உங்க மெஷினுக்கு ஆர்டர் போட்டுடலாம், எல்லாம் முடிவானதுதானேன்னாரு. இல்ல சார், நான் திரும்ப யோசிக்கணும்னேன். அவருக்கு முகம் மாறிடுச்சு. இனிமே யார்கூட யோசிக்கப் போறீங்கன்னு கேட்டாரு. தப்பா கேக்கல, சாதாரணமாத்தான் கேட்டாரு.

நான் யோசிச்சேன். டிரெயின்ல வரும்போது, போகும்போது. அந்தப் பேப்பரையெல்லாம் திரும்ப எடுத்து வெச்சுக்கிட்டேன். பொதுப் பெட்டியிலதான் ஏறினேன், பேப்பரை விரிக்க அங்கதான் வசதி. அவர் கேக்காம விட்ட கேள்விகளையெல்லாம் அவருக்குப் பதிலா நானே கேட்டுப் பாத்தேன். என்னால பதில் சொல்ல முடிஞ்சுச்சு, ஆனா சொல்லத் தோணல. கமிட்டி மீட்டிங்ல, ஏரி ஒரு இடத்துல இல்ல சார், நமக்கு நிறைய இடத்துல நம்பர் வேணும், அதனால ரெண்டு வாங்கலாம்னேன். விலை கம்மியாச்சே, உடனே கையெழுத்துப் போட்டுட்டாங்க.

மாசி கடைசியில ரெண்டு மெஷினும் வந்துச்சு. படகுல எடுத்துக்கிட்டுப் போனேன். நான் என்னவெல்லாம் சொன்னேனோ அத்தனையும் அப்படியே நடந்துச்சுங்க. காலையில ஒரு நம்பர், அதே இடத்துல வெயில் ஏறினா வேற நம்பர். சேறு கிளம்பினா தாறுமாறா ஏறுது. துடுப்புப் போட்டுக்கிட்டிருந்தவரு, என்னம்மா மெஷின் சரியில்லையான்னு கேட்டாரு. அது இப்படித்தாங்க, எனக்கு முன்னாடியே தெரியும்னேன். தெரிஞ்சு ஏன் வாங்கினீங்கன்னு கேட்டாரு. படகுல வெயில் சுள்ளுன்னு அடிச்சுது. நான் அடுத்த இடத்துக்குப் போகச் சொன்னேன். ரெண்டாவது மெஷினைப் பிரிக்கவே இல்ல. லேப் அலமாரியில அப்படியே இருக்கு. யாருக்குன்னு பிரிக்கிறது.

போன வாரம் வசுமதி போன் பண்ணினாங்க. நம்பரை எங்கிருந்து எடுத்தாங்களோ. அந்த மெஷின் வந்துடுச்சா மேடம்னு கேட்டாங்க. வந்துடுச்சுன்னேன். நான் ஒரு தடவை பாக்கலாமான்னு கேட்டாங்க. அதுக்குத்தான் இன்னிக்குப் போயிட்டு வர்றேன். ஞாயித்துக்கிழமையில எங்க கிளம்பிட்டேன்னு வீட்டுல கேட்டாங்க. மெஷின் விஷயமான்னேன். பொய் இல்லையே.

போகும்போது ஏரித் தண்ணி ஒரு பாட்டில் எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன். இருட்டா இருந்தா நல்லாத் தெரியும்னேன், கதவு ஜன்னல் எல்லாம் சாத்தினாங்க. ஒரு டம்ளர்ல தண்ணியை ஊத்தி, மெஷினை முக்கி, எப்படி வேலை செய்யுதுன்னு முழுசா சொன்னேன். நீல வெளிச்சம், சிவப்பு, எல்லாம். டீச்சர் இல்லையா, கவனமா கேட்டாங்க. நம்பர் வந்துது. அந்த நம்பரையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் அவங்க வீட்டுத் துளசித் தொட்டியில தேங்கின தண்ணியைக் கொஞ்சம் எடுத்துட்டு வந்து, இதுல எவ்வளவுன்னு கேட்டாங்க. பாத்துச் சொன்னேன்.

காபி கொடுத்தாங்க. டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டிருக்கும்போது, இது அவரு சொன்னதா, நீங்க சொன்னதான்னு கேட்டாங்க. அவரு சொன்னதுன்னேன். எது நல்ல மெஷின் மேடம், உண்மையைச் சொல்லுங்கன்னாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது. அதுவும் இந்த விஷயத்துல வரவே வராது. நான் சொன்னதுதான் நல்ல மெஷின்னு சொல்லிட்டேன்.

அவங்க சிரிச்சாங்க. சாவு வீட்டுல பாத்த முகந்தான் எனக்குத் தெரியும், சிரிச்சதும் வேற ஆள் மாதிரி இருந்தாங்க. "அவரும் அதையேதான் சொன்னாரு மேடம். ஆடி மாசமே சொல்லிட்டாரு, மேடம் சொல்றதுதான் சரி, அதைத்தான் வாங்கப் போறோம்னு."

ஆடி மாசமாங்க. நாங்க பேச ஆரம்பிச்சே அப்ப ஒரு மாசந்தான் ஆயிருக்கும். நான் சரியாத்தான் கேட்டேனான்னு திரும்பக் கேட்டேன். ஆடிதான், எங்க அம்மா வீட்டுக்குக் கூழ் ஊத்தப் போயிட்டு வர்றப்ப பஸ்ல சொன்னாரு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்குன்னாங்க. அப்படின்னா இன்னும் என்ன தினமும் பேசறீங்கன்னு நான்கூடக் கேட்டேன்னாங்க. என்ன சொன்னாருன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாருன்னாங்க.

நீங்களே சொல்லுங்க, இது நியாயமா? ஆடியிலேயே என்கிட்ட ஒத்துக்கிட்டிருந்தா ஐப்பசி மழைக்கு முன்னாடியே மெஷின் வந்திருக்கும். நல்ல மெஷினே வந்திருக்கும். மழைத் தண்ணி உப்புத் தண்ணியில கலக்கறப்ப பாசி எப்படி மாறுதுங்கறது எவ்வளவு முக்கியம் தெரியுமா? அதுக்குத்தானே இந்தத் திட்டமே. அந்த மழையோட ரீடிங் இனிமே யாருக்கும் கிடைக்காது. போன மழை போனதுதான். தெரிஞ்சுக்கிட்டே எதுக்குங்க அவ்வளவு நாள் என்கூட வாதாடினாரு? எனக்கு விளங்கல. ஒரு சீசனே வீணாப் போச்சேங்கன்னு வசுமதிகிட்டயும் சொன்னேன்.

அவங்க சாத்தின ஜன்னலை எல்லாம் திறந்துக்கிட்டிருந்தாங்க. அப்படியே நின்னு என்னைப் பாத்தாங்க. "வீணாவா மேடம் போச்சு?"ன்னு கேட்டாங்க.

ஆமாங்க, ஒரு ரீடிங்கூட எடுக்கலையேன்னேன்.

வந்து என் கையிலேருந்து டம்ளரை வாங்கிக்கிட்டாங்க. காபி அப்படியே இருந்துச்சு, நான் குடிக்கவே இல்ல போல. வேற சூடா போட்டுக் கொண்டு வர்றேன், உக்காருங்க, உடனே போகணும்னு இல்லையேன்னு உள்ள போனாங்க. உக்காந்தேன். ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.